புதுப்பிப்பு: திருக்கல்யாண ஓவியத்தைப் படியெடுத்த விவரம்

எங்கள் வீட்டிலுள்ள, தங்கரேக்கு பதித்த மீனாட்சி திருக்கல்யாண ஓவியத்தை உறவினர்களுக்காகப் படியெடுப்பது எப்படி என்று இதே இழையில் முன்பு கேட்டிருந்தேன். மதுரையிலேயே வேலை முடிந்தது.

புடைப்பும் கற்களும் இருப்பதால் ஸ்கேனரைத் தவிர்க்கச் சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஒளிப்படக் கலைஞர் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்துப் படமெடுத்தார். 24க்கு 18 அங்குலப் படியை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 39 மெகாபிக்சல் தேவைப்படுகிறது.

சிக்கலெல்லாம் தங்கத்தில்தான். விளக்கிலும் லென்சிலும் போலரைசர் வடிகட்டிகளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்தினால் மேற்பரப்பின் கூச்சம் நீங்கி வண்ணங்கள் செறிவாகத் தெரிகின்றன. ஆனால், உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி தன் முனைவாக்கத்தை (ஒரே திசையில் அதிரும் தன்மையை) பெரும்பாலும் இழக்காததால் லென்சின் வடிகட்டி அதையும் தடுத்துவிட, அம்மனின் நகைகளெல்லாம் கரி பூசியதுபோல் இருண்டுவிடுகின்றன. ஆகவே வடிகட்டியுடன் ஒன்றும் அது இல்லாமல் ஒன்றுமாக எடுத்து, தங்கப் பகுதியை மட்டும் கணினியில் இரண்டாவதிலிருந்து சேர்த்தார்.

மாதிரி அச்சில் மீனாட்சியின் பச்சை சற்று நீலம் பாய்ந்திருந்தது (மதுரைக்காரர் கண்ணுக்கு அது தப்புமா?). ஓவியத்தோடு சேர்த்துப் படமெடுத்திருந்த வண்ண அட்டையை (அளவு தெரிந்த நிறக்கட்டங்கள் கொண்டது) வைத்தும், அந்தத் தாளுக்குரிய வண்ண புரொஃபைலை (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) வைத்தும் திருத்தினார்கள். பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டதால், சாயமையைவிட நிறம் நீடிக்கும்.

அச்சில் தங்கம் மின்னாது. மஞ்சளும் பழுப்பும் சேர்ந்த சாயலாகவே நிற்கும். மேலே ரேக்கு ஒட்டலாம் என்றார்கள். படி படியாகவே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டேன்.