கோடை வெப்பத்தில் மெலியும் புல்தரை: பயோஸ்டிமுலன்ட் தெளித்தால் பயன் உண்டா?

கேள்வி:
வணக்கம். நான் பராமரிக்கும் விளையாட்டுத் திடலில் பெரென்னியல் ரைகிராஸும் கென்டக்கி புளூகிராஸும் கலந்து வளர்கின்றன. பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் இலை நுனிகள் கருகுகின்றன; காலடி பட்ட இடத்தில் புல் நெடுநேரம் படுத்தே கிடக்கிறது. தண்ணீருக்குக் குறைவில்லை, நாள்தோறும் பாய்ச்சுகிறோம். கடற்பாசிச் சாறும் ஹியூமிக் அமிலமும் (மட்கிய கரிமப் பொருளிலிருந்து கிடைப்பது) கலந்த பயோஸ்டிமுலன்டை, அதாவது தாவரத்தின் இயக்கத்தைத் தூண்டும் கலவையை, தெளிக்கச் சொல்கிறார்கள். அது புல்லுக்குள் என்ன செய்கிறது? கருகத் தொடங்கிய பிறகு தெளித்தாலும் பலன் கிடைக்குமா?

பதில் 1:
நீங்கள் குறிப்பிடும் இரண்டும் குளிர்பருவப் புல் வகைகள். அவற்றின் இலைகள் 15 முதல் 24 டிகிரி வரையிலும், வேர்கள் அதைவிடக் குறைவாக 10 முதல் 18 டிகிரி வரையிலான மண் வெப்பத்திலும் நன்றாக வளரும். வெப்பம் ஏற ஏற ஒளிச்சேர்க்கை தளர்ந்து சுவாசம் மட்டும் கூடுவதால், புல் தன் மாவுச்சத்துச் சேமிப்பைத் தானே தின்று தீர்க்கிறது. அந்தப் பற்றாக்குறையை முதலில் சுமப்பது வேர்தான். இலைகள் விரைவில் முதிராமல் காக்கும் சைட்டோகைனின் என்னும் தாவர ஹார்மோன் பெரும்பாலும் வேர் நுனிகளில் உருவாவதால், வேர் நலிந்தவுடன் பச்சையமும் சிதையத் தொடங்குகிறது.

அஸ்கோபில்லம் என்னும் பழுப்புக் கடற்பாசியின் சாற்றில் சைட்டோகைனின் தன்மையுள்ள பொருள்களும், செல்களை வெப்பம், வறட்சி ஆகியவற்றிலிருந்து காக்க உதவும் பீட்டெயின் என்னும் சேர்மங்களும் இருக்கின்றன. அவை பச்சையச் சிதைவைத் தாமதப்படுத்துவதோடு, வெப்பத்தால் செல்களில் பெருகி அவற்றைச் சேதப்படுத்தும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளுக்கும் துணைசெய்கின்றன. ஆனால் இது முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலை. வெயில் உச்சத்தைத் தொடுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கி, சீரான இடைவெளியில் தெளித்துவந்தால்தான் பொருளுண்டு. செத்துப்போன வேரை எந்தச் சாறும் எழுப்பாது.

பதில் 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். இவ்வகைக் கலவைகள் பலவற்றில் இரும்பும் தழைச்சத்தும் சேர்க்கப்பட்டிருக்கும். இரும்பு மட்டுமே ஓரிரு நாளில் புல்லைக் கரும்பச்சையாக்கிவிடும் என்பதால், நிறத்தைப் பார்த்துப் பயோஸ்டிமுலன்டைப் பாராட்டுவது பெரும்பாலும் இரும்பைப் பாராட்டுவதாகவே முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உர ஒழுங்குவிதி, பயோஸ்டிமுலன்டை அதிலுள்ள ஊட்டச்சத்தை வைத்து அல்ல, அது தாவரத்தின் இயக்கத்தைத் தூண்டும் விதத்தை வைத்தே வரையறுக்கிறது.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. தெளிக்கும்போது ஒரு பலகையைத் தரையில் கிடத்தி அந்த இடத்தை மறையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். கோடை நடுவில் அங்கிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மண் உருளையை வெட்டியெடுத்து வேர்களைக் கழுவி அருகருகே வையுங்கள். வெள்ளையாகவும் நீளமாகவும் உள்ள வேர் எந்தப் பக்கம் என்று உங்கள் கண்ணே சொல்லும். ஹியூமிக் அமிலத்தைப் பொறுத்தவரை, மணற்பாங்கான தரையில் அதற்கு வேலை உண்டு. கரிமச்சத்து நிறைந்த மண்ணில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் 3:
கேள்வியிலேயே ஓர் உறுத்தல் இருக்கிறது. நாள்தோறும் தண்ணீர் பாய்ந்தும் காலடித் தடம் நிமிரவில்லை என்றால், நீர் இல்லாத வாட்டமாக இருக்காது; நீர் மிகுந்த வாட்டமாக இருக்கலாம். சூடான ஈரமண்ணில் ஆக்சிஜன் குறைந்து வேர் மூச்சுமுட்டுவதால், காலடியில் நீர் நின்றாலும் புல்லால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பூஞ்சை போன்ற பித்தியம் என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் அழுகலுக்கும் அதுவே விருப்பமான சூழல். ஆகவே தெளிப்புக்கு முன் ஒரு மண் உருளையை எடுத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் பாய்ச்சலைக் குறைத்து, மெல்லிய குத்துக்கம்பிகளால் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். வெட்டும் உயரத்தை ஆட்டத்துக்கு இடைஞ்சலில்லாத அளவு உயர்த்துங்கள். வெப்ப நாட்களில் தழைச்சத்தைத் தாராளமாக இடாதீர்கள். நண்பகலில் இலைகளைக் குளிர்விக்க வேண்டுமானால் சில நிமிடத் தூவல் போதும், வேர்வரை நனைக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நடுப்பகுதியில் எடுத்த உருளையில் வேர்கள் பழுப்பாகவும் குட்டையாகவும் இருக்கின்றன, வாடையும் வருகிறது. முதலில் பாய்ச்சலைச் சீராக்குகிறேன். கடற்பாசிச் சாற்றை அடுத்த கோடைக்கு முன்பே, பலகையுடன் தொடங்குகிறேன்.