கட்டி முடித்த கல்விக் கடனுக்கு இப்போது ஏ.ஆர்.சி. ₹1,65,300 கேட்கிறது. எப்படி மறுப்பது?

நெல்வயல் (கேள்வி)

தங்கையின் கல்விக் கடன். அரசுடைமை வங்கி, அடமானம் எதுவும் கிடையாது, அப்பா இணைக் கடன்தாரர். 2010-ல் பி.இ. சேர்ந்தபோது ₹2,40,000 அனுமதித்தார்கள். வருடம் 60,000 வீதம் நான்கு முறை கல்லூரிக்கே நேராகப் போனது. வட்டி 12.5%. படிப்பு முடிந்தது 2014 மே. மத்திய அரசு வட்டி மானியத்துக்கு வருமானச் சான்று கொடுத்திருந்தோம். 2015-16-ல் சில தவணைகள் கட்டினோம், பிறகு நின்றுவிட்டது. 28.3.2018 அன்று கிளையில் பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அவர்கள் சொன்ன ₹2,64,800-ஐ அப்பா ஒரே தடவையில் கட்டினார். செலானில் "எஜு. லோன் குளோசிங்" என்று எழுதி மேனேஜர் இனிஷியல் போட்டிருக்கிறார். நோ டியூ சர்டிபிகேட் வாங்கவில்லை.

இந்த ஜூன் மாதம் (2025) ஒரு ஏ.ஆர்.சி.யிடமிருந்து (வங்கிகளின் வாராக்கடனை வாங்கி வசூலிக்கும் நிறுவனம்) நோட்டீஸ். கடனை வங்கி தங்களுக்கு விற்றுவிட்டதாம், பாக்கி ₹1,65,300-ஆம். கூடவே லோக் அதாலத்துக்கு வரச்சொல்லி ஒரு கடிதம். வசூல் ஆள் போனில் "இப்போதைக்கு ஐயாயிரம் போடுங்கள், மேல் நடவடிக்கையை நிறுத்தி வைக்கிறோம்" என்கிறார். தங்கை, அப்பா இருவர் சிபிலிலும் பாக்கி காட்டுகிறது. செலானைக் காட்டினால் போதுமா?

கூட்டுவட்டி

செலான் மட்டும் போதாது. நீங்கள் ₹2,64,800 கட்டியதை அவர்கள் மறுக்கப் போவதில்லை. "கட்டினீர்கள், ஆனால் அது முழுப் பாக்கி அல்ல" என்பார்கள். ஆகவே முதலில் அந்த 1,65,300 எங்கிருந்து முளைத்தது என்று தெரிய வேண்டும்.

கிளையில் லோன் லெட்ஜர் (கடன் கணக்கின் முழு வரவு-பற்றுப் பதிவு) பிரின்ட் கேளுங்கள், கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை. ஒரு வருட ஸ்டேட்மென்ட் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். தவணை நின்ற பிறகு மாதாமாதம் வட்டி ஏறியிருக்கிறதா, இல்லை ஒரு தேதியோடு நின்றதா? "சப்சிடி" என்று வரவு எத்தனை, எவ்வளவு? கணக்கின் நிலை "குளோஸ்டு" என்று இருக்கிறதா, பாக்கி பூஜ்யமாக இருந்தும் கணக்கு திறந்தே கிடக்கிறதா? கடைசியாகச் சொன்னதுதான் பல வழக்குகளில் வினை. பாக்கி பூஜ்யம் ஆனதாலேயே கணக்கு மூடிவிடாது, கிளையில் யாராவது சிஸ்டத்தில் மூட வேண்டும்.

தாமதிக்க வேண்டாம். லெட்ஜர், வவுச்சர் போன்றவற்றை வங்கிகள் 8 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 1985-ம் ஆண்டு விதி. 2018 வவுச்சருக்கு அந்தக் கெடு நெருங்குகிறது.

வாய்தா

லெட்ஜர் வருவதற்கு முன்பே செய்யக் கூடாதவை சில உண்டு. அந்த ஐயாயிரத்தைப் போடாதீர்கள். ஐநூறு கூட வேண்டாம்.

காரணம் இதுதான். அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட, காலவரம்புச் சட்டப்படி 3 வருடம். கடைசியாகப் பணம் கட்டியது 28.3.2018 என்றால் அந்தக் கெடு 2021 மார்ச்சில் முடிய வேண்டும். கோவிட் காரணமாக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைச் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், மிச்சமிருந்த ஒரு வருடமும் சில நாட்களும் 1.3.2022-ல் இருந்து ஓடி, 2023 மார்ச் நடுவில் முடிந்துவிட்டது. இடையில் உங்கள் அப்பாவோ தங்கையோ "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்" என்று எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தால், இன்று சிவில் வழக்குப் போட்டாலும் காலம் கடந்தது என்று எதிர்வாதம் இருக்கிறது. கெடு முடிந்த பின் ஒப்புதல் கடிதமோ சில்லறைப் பணமோ கொடுத்தால் செத்த கெடு தானாக உயிர்த்தெழாது. ஆனால் "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3)-ன் கீழ் அது புது ஒப்பந்தமாகவே செல்லும். பணம் வாங்கும்போது கூடவே நீட்டுகிற படிவத்தில் பெரும்பாலும் இந்த வாசகம்தான் இருக்கும்.

கெடு முடிந்தது என்றால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. வழக்குப் போட்டு வாங்க முடியாது, அவ்வளவுதான். அதே வங்கியில் அப்பாவுக்கு சேமிப்புக் கணக்கோ நகைக் கடனோ இருந்தால் அங்கே லீன் (பணத்தையோ நகையையோ தராமல் நிறுத்தி வைக்கும் உரிமை) போட்டுப் பிடித்து வைக்கப் பார்ப்பார்கள். சிபில் பதிவும் இதனால் தானாக அழியாது.

லோக் அதாலத் கடிதத்தை ஒதுக்கித் தள்ள வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும்தான் அங்கே தீர்வு. ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. அன்று மேசையில் "65 ஆயிரத்தில் முடித்துக் கொள்ளலாம்" என்று இறங்கி வருவார்கள். கணக்கு தெரியாமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. "கடன் 28.3.2018-ல் தீர்ந்தது, கோரிக்கையை முழுவதும் மறுக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. கடனை வாங்கியவருக்கு விற்றவரைவிட அதிக உரிமை வராது. விற்பனை பற்றி உங்களுக்கு அறிவிப்பு வருவதற்கு முன் வங்கியில் கட்டியது செல்லும் (சொத்து மாற்றுச் சட்டம் 130). "வங்கிகிட்ட கட்டினது எங்களுக்குத் தெரியாது" என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

நெல்வயல்

நன்றி சார். லெட்ஜர் கிடைத்தது. 30.6.2016-ல் பாக்கி 2,64,800. அதன்பின் வட்டியே ஏறவில்லை. 28.3.2018-ல் கட்டிய தொகை வரவு, பாக்கி 0. சப்சிடி வரவுகள் எல்லாம் கூட்டினால் ₹67,500. கணக்கு மூடிய தேதி என்ற இடம் காலி.

கூட்டுவட்டி

புதிர் விடுபட்டது. 2016 ஜூனோடு வட்டி நின்றதற்குக் காரணம் கடன் வாராக்கடன் ஆனது. அதன்பின் வட்டியை வங்கி வருமானமாக லெட்ஜரில் ஏற்றக் கூடாது; மெமோ கணக்கில் தனியாகக் குறித்து வைப்பார்கள். அது ஸ்டேட்மென்டில் வராது. கவுன்டரில் இருந்தவர் திரையில் தெரிந்த 2,64,800-ஐச் சொல்லியிருக்கிறார். மறைந்திருந்தது இவ்வளவு: 2,64,800-க்கு 12.5% வீதம் 21 மாதம், சுமார் ₹57,900. அதன் மேல் 2% அபராத வட்டி சேர்த்து 14.5%, மாதாமாதம் கூட்டுவட்டி, 2018 மார்ச் முதல் 2025 ஜூன் வரை 87 மாதம் என்று போட்டுப் பாருங்கள்: 1,64,700 பக்கம் வரும். மீதி சில நூறு நோட்டீஸ் செலவு. ஆக அவர்கள் கேட்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வட்டிக்கு வட்டி.

அடுத்தது மானியம். இந்தத் திட்டம் 2009-10 கல்வியாண்டில் வந்தது. பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் (வேலை கிடைத்து ஆறு மாதம் அதற்கு முன்பே வந்தால் அதுவரை) வட்டியை மத்திய அரசு கட்டும். உங்கள் கடனுக்கு அந்தக் காலத்தில் தனி வட்டி எவ்வளவு என்று பாருங்கள். கல்லூரிக்குப் போன முதல் 60,000-க்கு 2010 ஆகஸ்டில் இருந்து 2015 மே வரை 4.75 வருடம், அடுத்தடுத்தவை 3.75, 2.75, 1.75. மொத்தம் 13 வருடம் × 60,000 × 12.5% = ₹97,500. உங்களுக்கு வந்தது 67,500. குறைகிற 30,000, படிப்பு முடிந்த பின் வந்த ஒரு வருடத்துக்கு 2,40,000-க்கான வட்டி. ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது. கடைசி வருட மானியத்தை வங்கி கேட்டு வாங்கவில்லை, அல்லது வாங்கி வரவு வைக்கவில்லை.

அந்த 30,000 பாக்கியில் ஏறியதால் 2018 மார்ச் வரை அதன்மேல் இன்னொரு 10,600 வட்டி. 57,900-ல் இந்த 40,600-ஐக் கழித்தால் நிற்பது ₹17,300. அதையும் 2018-ல் வங்கி எழுத்தில் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். தங்கை வேலைக்குச் சேர்ந்த தேதியை மட்டும் சரிபாருங்கள். 2014 நவம்பருக்கு முன் சேர்ந்திருந்தால் மானியக் காலம் சுருங்கும், இந்தக் கணக்கும் மாறும். அதை மறைத்து மனு எழுதினால் பதிலில் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள்.

மனுதாரர்

இனி எழுத்து வேலை. ஏ.ஆர்.சி.க்கு ஒரு கடிதம், வங்கிக்கு ஒரு கடிதம். இரண்டும் மின்னஞ்சலிலும் போகட்டும், தபாலில் ஒப்புகையோடும் போகட்டும்.

ஏ.ஆர்.சி.க்குச் சுருக்கமாக: "தங்கள் நோட்டீஸில் கோரிய தொகை முழுவதையும் மறுக்கிறோம். கடன் கணக்கு 28.3.2018-ல் முழுவதுமாகச் செலுத்தப்பட்டது, செலான் நகல் இணைப்பு. கடன் மாற்று ஒப்பந்தத்தின் அட்டவணையில் இக்கணக்கு இடம்பெற்ற பக்கத்தையும், அதில் காட்டிய பாக்கியையும், கட்-ஆஃப் தேதியையும், வட்டிக் கணக்கீட்டுத் தாளையும் தரவும். இக்கடிதத்தின் எந்தப் பகுதியும் கடன் பாக்கியை ஒப்புக்கொண்டதாகாது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேலே 'கூட்டுவட்டி' என்பவர் போட்டுக் காட்டிய 17,300 கணக்கு உங்கள் கைக்குள் இருக்கட்டும். அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் நீங்களே பாக்கியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வங்கிக்கு எழுதும்போது மூன்று கேள்வி: கடைசி வருட மானியம் எந்தத் தேதியில் கோரப்பட்டது, எந்தத் தேதியில் வந்தது, எங்கே வரவானது. "குளோசிங்" என்று எழுதி வாங்கிய பணத்துக்குப் பிறகு கணக்கு ஏன் மூடப்படவில்லை. பூஜ்யப் பாக்கிக் கணக்கு எந்தத் தொகைக்கு விற்கப்பட்டது. அரசுடைமை வங்கி என்பதால் இதையே ஆர்.டி.ஐ.யிலும் (தகவல் உரிமைச் சட்டம்) கேட்கலாம், ₹10 கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். கடன்தாரர் தங்கை, எனவே மனு அவர் பெயரிலேயே போகட்டும். நீங்கள் போட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்று திருப்பிவிடுவார்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, மழுப்பினாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் புகார். கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துப் போட்டால் ஏற்கமாட்டார்கள், நீங்களே போட வேண்டும். சந்தேகம் இருந்தால் 14448 என்ற உதவி எண்ணில் கேளுங்கள். வங்கிக்கு முதலில் எழுதாமல் நேராகப் போனாலும், இதே விஷயம் கோர்ட்டில் இருந்தாலும் தள்ளுபடி. புகார் வங்கியின் மீது இருக்கட்டும்: மானியத்தைக் கோட்டைவிட்டது, கணக்கை மூடாதது, தீர்ந்த கடனை விற்றது. ஏ.ஆர்.சி. பெயரை வைத்து நீட்டினால் புகார் திசைமாறும். நுகர்வோர் ஆணையம் வேறு வழி, அங்கே 2 வருடக் கெடு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

சிபிலுக்குத் தனி டிஸ்ப்யூட். தங்கைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. வங்கி பெயரிலும் ஏ.ஆர்.சி. பெயரிலும் ஒரே கடன் இரு பதிவாக நிற்கலாம், இரண்டையும் குறிப்பிடுங்கள். சிபில் போன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் பாருங்கள்; வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு ₹100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனால் வங்கி "பாக்கி சரிதான்" என்று பதில் சொன்னால் சிபில் அதையே வைத்துக்கொள்ளும். அதனால் வங்கிக் கடிதம்தான் முதல் வேலை.

வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நம்பர், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே புகாரில் இணைத்துவிடுங்கள்.

நெல்வயல்

தங்கை வேலைக்குச் சேர்ந்தது 2015 ஜூலை, ஆஃபர் லெட்டர் இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: கடைசியில் என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) யார் தர வேண்டும், வங்கியா ஏ.ஆர்.சி.யா?

வாய்தா

இரண்டு பேரும். கடன் இன்று ஏ.ஆர்.சி. பெயரில் இருப்பதால் "பாக்கி ஏதுமில்லை, கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது" என்று அவர்கள் லெட்டர்பேடில் வேண்டும். வங்கியிடம் 28.3.2018 தேதியிட்டு கணக்கு மூடப்பட்டதாக ஒரு கடிதம். சிபிலில் "குளோஸ்டு" என்று வர வேண்டும். "செட்டில்டு" என்று போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், அது குறைத்துக் கட்டி முடித்ததாக அர்த்தம். பணம் எதுவும் கொடுத்து முடிப்பதாக முடிவெடுத்தால், இந்த மூன்றின் வாசகத்தையும் முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கட்டுங்கள்.