கிளச்சை மிதித்தால் மறையும் சத்தம்

மாமாவின் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1500, 1975ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். திருகோணமலை உவர்மலையில் கடற்காற்றில் கறள் ஏறாமல் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. மாதத்தில் ஒருநாள் நான் போய் நிலாவெளி வரை ஓட்டிவிட்டு வருவேன்.

போன தடவை அநுராதபுரச் சந்தி நெரிசலில் நியூட்ரலில் நின்றபோது, எஞ்சினின் அடியிலிருந்து டொக், டொக் என்று கனத்த சத்தம். கியர் போடக் கிளச்சை மிதித்தேன், நின்றது. காலை எடுத்தேன், திரும்பவும் டொக்.

கராஜில் கேட்டவுடனே, "கியர்பொக்ஸ் பெயாரிங் போய்விட்டது, கழற்ற வேண்டும்" என்றார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. நியூட்ரலில் கிளச்சை மிதித்தால் கியர்பொக்ஸுக்குள் போகும் தண்டு சுற்றாமல் நின்றுவிடும், அதன் பெயாரிங் சத்தமும் நிற்கும். ஆனால் தேய்ந்த பெயாரிங் உருளுவதுபோல உறுமும். இது சுத்தியலால் தட்டியதுபோல இருந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. கழற்றாமல் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஸ்பிட்ஃபயரில் பொனட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன் ரயரில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், இந்த வசதி இன்றைக்கு எந்த வண்டியில் இருக்கிறது? நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சின் புளொக்கில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டேன். சத்தம் எஞ்சினின் பின்பக்கம்தான், ஆனால் புளொக்குக்குள்ளே.

எஞ்சினை நிறுத்திவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, கிளச்சை மிதித்து மிதித்து விடுங்கோ."

"வண்டி ஸ்டார்ட்டிலேயே இல்லையேடா?"

"பரவாயில்லை, மிதியுங்கோ."

அவர் மிதிக்க மிதிக்க, எஞ்சினின் பிரதான தண்டான கிராங்கின் முன்முனையில் இருக்கும் புல்லி முன்னும் பின்னும் போய் வந்தது. மயிரிழை அளவு அசைவுதான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாது. வயிறு கலங்கிவிட்டது.

1953இல் ஸ்டாண்டர்ட் எயிட் காருக்காக 803 சீசியில் வந்த எஞ்சின்தான் வளர்ந்து வளர்ந்து இதில் 1,493 சீசி ஆனது. கிராங்க் முன்பின் போகாமல் தடுப்பவை பின் மெயின் பெயாரிங்கின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு அரைவட்ட வொஷர்கள். மேல்பாதியில் மட்டும்தான் அவை இருக்கும், கீழே தாங்க ஒன்றுமில்லை. தேய்ந்தால் சுற்றிக்கொண்டு கீழே விழுந்துவிடும். கிளச்சை மிதித்தால் அது கிராங்கை முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளும், அது ஆடாததால்தான் டொக் நின்றது. மிதிக்கும் போதெல்லாம் அந்தப் பாரம் முழுக்க ஒரு வொஷரில்தான் விழுகிறது. மாமாவுக்கோ ஸ்டார்ட் பண்ணும்போதும் மிதிக்கிற பழக்கம், ஒயில் மேலே ஏறுமுன்பே. சந்தியில் மிதித்தபடியே நிற்கிற பழக்கம் என்னுடையது.

ஒயில் சம்பைக் கழற்றினோம். அடியில் கறுத்த ஒயிலுக்குள் பிறைபோல ஒரு வொஷர் கிடந்தது. புளொக்கில் கீறல் மட்டும்தான், நல்லகாலம். இங்கிலாந்திலிருந்து வந்த கொஞ்சம் தடித்த வொஷர்களை, காடி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்க்கும்படி சுழற்றி ஏற்றினோம். எஞ்சினை இறக்க வேண்டி வரவில்லை. காடியைப் புளொக் பக்கம் திருப்பிப் போட்டால் புதுசும் சீக்கிரமே போய்விடும், அதனால் மாமா மூன்று தடவை டோர்ச் அடித்துப் பார்த்தார்.

பிறகு பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றம் வரை போனோம். மான்கள் வழியை மறித்து நிற்க, நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துக் காத்திருந்தேன். டொக் இல்லை. எங்கேயோ கிலுகிலு என்று மட்டும் கேட்டது.

"அது கதவடா, நான் வாங்கின நாளிலிருந்தே இருக்கு. கை வைக்காதே" என்றார் மாமா.