சுவிஸின் வலே மாநிலத்துச் சியோனில் நல்ல வைன் எங்கே குடிக்கலாம்? போய் வந்தவர்கள் எழுதுங்கள்

பேர்ண்வாசி:

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் லுசேர்ன் ஏரியையும் யுங்ஃப்ராவையும் காட்டி, சொக்லேட் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வைனில் கொஞ்சம் விருப்பமுள்ள ஆள் என்றால் நான் கூட்டிப்போவது சியோனுக்கு. பேர்ணில் ரயில் ஏறி, 2007இல் திறந்த லோட்ச்பெர்க் சுரங்கத்தைத் தாண்டி, விஸ்பில் மாறினால் ஒன்றரை மணித்தியாலம் வரும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை கொட்டும், அந்தப் பக்கம் வெயில் எறிக்கும். இரு பக்கமும் நிற்கிற மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால் சியோனில் வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழைதான். அந்தக் காய்ச்சல் வெயிலில்தான் திராட்சை இனிக்கிறது. சுவிஸின் திராட்சைத் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த வலே மாநிலத்தில் இருக்கிறது.

நிலையத்தில் இறங்கினாலே இரண்டு குன்றுகள் தெரியும். ஒன்றில் வலேர் தேவாலயம், மற்றதில் 1788இல் எரிந்துபோன தூர்பியோன் கோட்டை. அவற்றின் அடிவாரத்தில் பழைய நகரம். வெள்ளிக்கிழமை போனால் கிராண்ட் போன் தெருவில் சந்தை நடக்கும். பாலாடைக்கட்டிக்காரர், பழக்காரர் எல்லாரும் கடை பரப்பியிருப்பார்கள், சுற்றியுள்ள கஃபேக்களில் ஆட்கள் பத்து மணிக்கே வெள்ளை வைனோடு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள்.

போத்தல் எடுக்க வேண்டாம். ‘ஒரு தேசி’ என்று கேளுங்கள். ஒரு டெசிலீற்றர் அளவுக்குக் கோடு போட்ட கிளாஸில் ஊற்றித் தருவார்கள், கடையைப் பொறுத்து ஐந்தாறு பிராங் வரும். இரண்டு பேர் என்றால் மூன்று தேசி, சின்னக் குடுவையில் வரும். முதலில் ஃபோந்தான் என்ற லேசான வெள்ளை வைன். நாக்கில் மெல்லச் சுள்ளென்று ஏறி இறங்கிவிடும். அப்புறம் பெத்தித் ஆர்வின். என் கணக்கில் சியோனுக்குப் போவதே இதற்காகத்தான். மூக்கில் பம்ப்ளிமாஸ் வாசம், விழுங்கி முடித்தபிறகு ஓரத்தில் ஒரு உப்பு. அந்த உப்பு பிடித்துவிட்டால் மற்ற வெள்ளை எல்லாம் சப்பென்று இருக்கும். சிவப்பில் கோர்னலான், உமாஞ் ரூஜ். விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து பிரான்ஸ் வைன் பட்டியலைப் புரட்டாதீர்கள். பொர்தோ உங்கள் ஊர்க் கடையிலும் கிடைக்கும். சுவிஸ் வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நாட்டை விட்டு வெளியே போகிறது, மிச்சத்தை இவர்களே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

நகரத்துக்குள்ளேயே இருந்துவிடாமல் பீஸ் த குளாவோ வாய்க்கால் வழியாகவும் நடந்து பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வெட்டிய நீர்ப்பாசன வாய்க்கால், இன்றும் தண்ணீர் ஓடுகிறது. சியோனிலிருந்து சென் லியோனார் பக்கம் போகிறது. ஒரு பக்கம் சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல் சுவர், மறு பக்கம் கீழே ரோன் நதி. இந்த மலை வாய்க்கால்களில் யாருக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் என்று முறை வைத்து, மரக்கட்டையில் வெட்டிக் குறித்துக் கணக்கு வைத்திருந்தார்களாம். வன்னியில் குளத்து வாய்க்காலுக்கு முறை பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

நடுவழியில் தோட்டக்காரர் கருவிகள் வைக்கிற சின்னக் கல்வீடுகள் இருக்கும். கெரிட் என்பார்கள். அவற்றில் ஒன்றிரண்டு இப்போது சாப்பாட்டு இடமாகிவிட்டன. சீவிய உலர் இறைச்சி, ரை மாவுப் பாண், பாலாடைக்கட்டி, ஒரு தேசி ஆர்வின். காலுக்குக் கீழே தெரிகிற தோட்டத்துப் பழம்தான் கிளாஸில் இருக்கும். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு, என் மனைவிக்கு அதுதான். குளிர்காலத்தில் மூடியிருக்கலாம், பார்த்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் எங்கே போனீர்கள்?

குசினிக்காரன்:

அண்ணை, எல்லாம் சரி. ஃபோந்தானை மட்டும் இப்படி முதல் படியாக்கித் தள்ளிவிடாதீர்கள். நான் இந்த ஊரில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது குசினியில் நிற்கிறேன். இரவு வேலை முடிந்து எல்லாரும் ஒரு மேசையில் இருந்து குடிப்பது ஃபோந்தான்தான். பாலாடைக்கட்டியை உருக்கி வழிக்கிற ராக்லெட்டுக்கு இவர்கள் ஆர்வினைத் தேடுவதில்லை. உருகிய கட்டியின் கொழுப்பை அறுக்க அந்த லேசான வைன் போதும்.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டிறைச்சிக் கறிக்குக் கோர்னலான் எடுத்துப் பார்த்தேன், உறைப்பில் சிவப்பு வைனின் துவர்ப்பு இன்னும் தூக்கலாகி நாக்கை இழுத்துவிடும். சரியாகப் பொருந்துவது வேத்ரோ கிராமத்து அமீஞ் என்ற வெள்ளை வைன். சியோனிலிருந்து பக்கத்தில்தான். போத்தலில் தேனீப் படம் போட்டிருப்பார்கள். ஒரு தேனீ என்றால் இனிப்புக் குறைவு, மூன்று என்றால் நல்ல இனிப்பு. உறைப்புக் கறிக்கு இரண்டு தேனீ. இதை முதலாளிக்கும் ஊற்றிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்.

மே மாதம், இயேசு விண்ணேற்றத் திருநாள் விடுமுறையில் வந்தால் மாநிலம் முழுக்க வைன் நிலவறைகளைத் திறந்து வைப்பார்கள். ஒரு கிளாஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போகலாம். ஊற்றித் தருபவர் தோட்டக்காரரேதான். துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் ஒருத்தரும் துப்புவதில்லை. மூன்றாவது வாசலில் சத்தம் கூடிவிடும். இன்னொன்று: ‘சொந்தே’ சொல்லிக் கிளாஸ் முட்டும்போது எதிரே நிற்பவரின் கண்ணைப் பாருங்கள். கிளாஸைப் பார்த்தால் மரியாதையில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

சூரிச் அக்கா:

நான் பெண்தான், நானும் குடிப்பேன், அதையும் இங்கே ஒருத்தி எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். கொண்டாட்ட மண்டபங்களில் ஆண்கள் கார் டிக்கியைத் திறந்து விஸ்கி ஊற்றுவார்கள், ‘வைனெல்லாம் ஒரு குடியா’ என்பார்கள், பெண்களுக்கு ஃபன்டா. சியோனில் மகளோடு மேசைக்கு இருந்தபோது வைன் பட்டியலை எங்கள் கையில்தான் தந்தார்கள்.

நாங்கள் அங்கிருந்து ரயிலில் சியேர் போனோம், பக்கத்து ஊர். ஷாத்தோ த வில்லா என்ற பழைய மாளிகையில் ஐந்து இடத்துப் பாலாடைக்கட்டியை ஒன்றன்பின் ஒன்றாக உருக்கி வழித்துத் தருகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு மலைப் புல்லின் ருசி. மூன்றாவதுதான் எனக்கு. அதே வளவில் வைன் கடையும் இருக்கிறது, வலே வைன்களை ஒரே கூரையின் கீழ் பார்த்து வாங்கலாம்.

ஜெனீவாப் பெடியன்:

சியேரிலிருந்து மேலே கிரிமென்ஸ் கிராமத்துக்குப் போனவர்கள் இல்லையா? வெயிலில் கறுத்த மரவீடுகளும் சிவப்பு ஜெரேனியம் பூக்களும். அங்கே ஊர்ச்சபை வீட்டு நிலவறையில் ‘பனியாற்று வைன்’ வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மலைச்சனங்களுக்குக் கீழே சியேரில் திராட்சைத் தோட்டம் இருந்தது. வைனை மேலே கொண்டுபோய் லார்ச் மரப்பீப்பாய்களில் ஊற்றினார்கள். பீப்பாயை முழுக்கக் காலியாக்குவதே இல்லை, குடித்த அளவுக்குப் புதியது ஊற்றுவார்கள். ஆகப் பழையது ஆயர் பீப்பாய், 1886. விலைக்குக் கிடையாது. சுற்றுலா அலுவலகத்தில் முதலே சொல்லிவைத்து, நிலவறை பார்க்கப் போனால் குழாயைத் திறந்து ஒரு சின்னக் கிளாஸ் தருவார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. மரப்பிசின் கசப்பு, காற்றுப்பட்ட பழைய வாசம். என்னோடு வந்தவன் இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினான்.

பேர்ண்வாசி:

தம்பி, அது கட்டாயம் பார்க்கவேண்டும். சியோனிலிருந்து நேர் பஸ் இருக்கிறதா? காரில் வரமாட்டேன். சட்டப்படி இரத்தத்தில் மது ஆயிரத்துக்கு 0.5 தான், மகனுக்கு லைசன்ஸ் புதிது, அவனுக்கு 0.1. ஒரு கிளாஸுக்கே தாங்காது.

ஜெனீவாப் பெடியன்:

சியேர் வரை ரயில் அண்ணை. அங்கிருந்து தபால் பஸ், விஸ்ஸோவாவில் மாறவேண்டும். வளைவுகள் மோசம், மேலே போகும்போது வயிற்றை நிரப்பாதீர்கள். கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டே நிலவறைக்குள் இறங்குங்கள்.