30 சதவீதம் மாற்றி வரைந்தால் போதுமா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கேமராக்கண்: நேற்று ஓவிய வகுப்புக் காணொளி ஒன்றில் ஆசிரியர் சொல்கிறார், அடுத்தவர் போட்டோவை 30 சதவீதம் மாற்றி வரைந்தால் காப்பிரைட் சிக்கல் வராதாம். எரிச்சல் தாங்கவில்லை. நம் 1957 காப்பிரைட் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 30உம் இல்லை, 40உம் இல்லை.

எண்ணெய்வண்ணம்: அது ஓவியர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. 22 வருடமாக வரைகிறேன், ஒரு நோட்டீஸ் வந்ததில்லை. உங்களுக்கு ஒரு நொடி வேலை. எனக்கு ஒரு முகத்துக்கு மூன்று வாரம்.

கேமராக்கண்: நோட்டீஸ் வராதது சட்டமாகிவிடுமா? போட்டோகிராபர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸ் படத்தை அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் வெட்டி, தட்டையாக்கி, நிறம் பூசி ஒரு படவரிசையே செய்தார். 1984இல் ஒரே ஒரு முறை வெளியிட ஒரு பத்திரிகை கோல்ட்ஸ்மித்துக்கு 400 டாலர் கொடுத்தது. 2016இல் அதே வரிசையின் ஆரஞ்சுப் படத்துக்கு வார்ஹால் அறக்கட்டளை 10,000 டாலர் வாங்கியது. கோல்ட்ஸ்மித்துக்குச் சல்லிக்காசு இல்லை. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அவர் பக்கம் நின்றது. எங்கே உங்கள் 30?

நீலா: அண்ணா, அந்தத் தீர்ப்பு பத்திரிகைக்கு உரிமம் விற்றதைப் பற்றித்தான். வரைந்ததே தப்பு என்று சொல்லவில்லை.

கேமராக்கண்: நான் கேட்டது 30.

எண்ணெய்வண்ணம்: லக்சம்பர்கில் 2022இல் ஓவியர்தானே ஜெயித்தார்?

கேமராக்கண்: பாதிப் படத்தில் எழுந்து போனால் இப்படித்தான். ஜிங்னா ஜாங் எடுத்த படத்தை இடவலமாகத் திருப்பி வரைந்தவர் அவர். 2024 மே மாதம் மேல்முறையீட்டில் ஜாங் ஜெயித்துவிட்டார். திருப்பிப் போட்டது எத்தனை சதவீதம் ஐயா?

எண்ணெய்வண்ணம்: இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடக் கண்காட்சியில் இவர் எடுத்த பூக்காரப் பாட்டி போட்டோவைப் பார்த்து ஒருவர் வரைந்தது விற்றது. இவர் போட்டோ விற்கவில்லை.

கேமராக்கண்: ஆமாம், கோபம்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூன்று நாள் விடியற்காலை நாலரைக்குப் போய் நின்று எடுத்தது. மூக்குத்தியில் விழுந்த வெளிச்சம்கூட அப்படியே இருந்தது. கீழே என் பெயர் இல்லை.

நீலா: பாட்டியிடம் கேட்டீர்களா? அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

கேமராக்கண்: பேச்சை மாற்றாதே தங்கச்சி.

துரைப்பாண்டி: காசு வாங்கி எடுத்துக்கொடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். பிரிவு 17. கல்யாண போட்டோகிராபர்கள் அதையும் படிக்கட்டும்.

கேமராக்கண்: நான் கல்யாணமே எடுப்பதில்லை. பாட்டியும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை. இது எதற்கு இப்போது?

எண்ணெய்வண்ணம்: அப்போது என் மாணவர்கள் எதைப் பார்த்துக் கை பழகுவார்கள்?

கேமராக்கண்: வீட்டில் உட்கார்ந்து பழகட்டும், யார் தடுத்தது? விற்பதற்கு முன்னால் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எண்ணெய்வண்ணம்: கேட்டால் நீங்கள் தரமாட்டீர்கள்.

கேமராக்கண்: கேட்டுப் பார்த்தீர்களா? சரி, அந்த 30 எந்தப் பிரிவு?

எண்ணெய்வண்ணம்: என் குரு சொன்னது. எனக்கு அது போதும்.

கேமராக்கண்: பிரிவு எண் சொல்லுங்கள்.