மறு: ‘குவில்ட்டிங்’ – ஒட்டா, மூட்டா, அடுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். துணிகளை அடுக்கிப் போர்வையாகத் தைக்கும் ‘குவில்ட்டிங்’குக்கும் அதன் வேலைகளுக்கும் அகராதிக்காகத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நாம் பேசிவரும் இந்த மடலிழையை மூன்று நாளாக விடாமல் படித்து வருகிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலருக்கு இந்தத் தையலைச் சொல்லித்தருகிறேன். அகராதிக்கு இந்தச் சொற்கள் எப்போது வேண்டுமோ, எனக்கு வருகிற சனிக்கிழமையே வேண்டும்.

> ‘ஒட்டுப்போர்வை’ என்று சொல்லிவிடலாமே. துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைப்பதுதானே?

இல்லை ஐயா. புதிதாகக் கற்க வருகிறவர்கள் தடுக்கிவிழுவதும் இதே இடத்தில்தான். துண்டுகளைச் சேர்ப்பது ஒரு வேலை, குவில்ட்டிங் வேறு வேலை. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கினால்தான் குவில்ட். மேல்துணி ஒரு துண்டுகூடச் சேர்க்காத முழுத்துணியாக இருந்தாலும் அது குவில்ட்தான். வங்காளத்துக் ‘காந்தா’ என்ற தையல் போர்வையில் பெரும்பாலும் பஞ்சே இருக்காது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஓட்டுத்தையல் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது அடுக்கு. ஆகவே என் வாக்கு ‘அடுக்குத்தையல்’, ‘அடுக்குப்போர்வை’. மேலடுக்கு, உள்ளடுக்கு, அடியடுக்கு என்ற மூன்றும் அதிலிருந்து தாமாகவே கிடைக்கின்றன.

மூன்று அடுக்கையும் ஊடுருவும் அந்தத் தையல் எதற்கு என்று முதல் நாளே ஒரு பெண் கேட்டாள். பஞ்சு மெத்தையில் நீள ஊசியை மேலிருந்து கீழே குத்தி அங்கங்கே முடிச்சுப் போடுகிறார்களே, அதைக் காட்டினேன். பஞ்சு ஓடி ஒரு மூலையில் திரளாமல் பிடித்துவைக்கும் வேலைதான் இரண்டிலும்.

சரி, துண்டுகளைச் சேர்ப்பதற்கு என்ன சொல்? ‘ஒட்டு’ என்பது கிழிசலின்மேல் வைத்துத் தைப்பது. இங்கே துண்டும் துண்டும் விளிம்போடு விளிம்பாகச் சேர்கின்றன. இதற்கு நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. புதுக் கைலி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ‘மூட்டி’ வாங்கிக் கட்டுகிறோம் அல்லவா? அந்த மூட்டுதான். ‘துண்டு மூட்டுதல்’, ‘மூட்டிய மேலடுக்கு’. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

‘ஒட்டு’ வீணாகாது. வடகர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள் ‘கவந்தி’ என்ற போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர். பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் ‘பூ’ வைக்காமல் அதை முடிந்ததாகவே கொள்வதில்லை. அங்கே ஒட்டுவதும் அடுக்கைத் தைப்பதும் ஒரே ஊசியோட்டத்தில் நடக்கிறது. அதற்கு ‘ஒட்டடுக்கு’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

> தையலுக்காக ஓரத்தில் விடும் துணி = ‘தையல் விடுப்பு’?

விடுப்பு என்றதும் அலுவலக விடுப்புதான் மனதில் வருகிறது. தையற்கடையில் ‘தையலுக்கு அரை இன்ச் விடு’ என்பார்கள். அதை ஒட்டி ‘விடுதுணி’ என்கிறேன். விடுகதை போல வினைத்தொகை.

இந்த விடுதுணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதி வேண்டும், ஏனென்றால் என் முதல் போர்வை கெட்டது இதனால்தான். அடுக்குத்தையலில் விடுதுணி கால் இன்ச். தச்சர் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஆகக் கால் இன்ச் இரண்டு நூல். நான் ஒவ்வொரு மூட்டிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்தால் மூட்டுக்கு ஒரு நூல் போயிற்று. எட்டு மூட்டில் ஒரு முழு இன்ச். ஒரு வரிசையில் ஒன்பது கட்டம், பக்கத்து வரிசையில் ஐந்தே பெரிய கட்டம், அதாவது நான்கே மூட்டு. இரண்டையும் சேர்த்தபோது அரை இன்ச் இடித்தது. இரண்டு நாள் தையலைப் பிரித்தேன், அழுகை வந்தது.

புதியவர்கள் அந்த அழுகையைத் தவிர்க்க ஒரு சோதனை. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி மூட்டுங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு இன்ச் இருந்தால் உங்கள் கால் இன்ச் சரி. குறைந்தால், தையலை ஓரத்தை நோக்கி ஒரு மயிரிழை நகர்த்துங்கள். மடிப்பும் நூலும்கூட இடம் பிடிக்கும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிவிட்டால் கண்ணுக்கு வேலை குறையும்.

மூட்டியபின் துணியை ‘தேய்க்க’ வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இழுத்துத் தேய்த்தால் கட்டம் கோணும். இஸ்திரிப் பெட்டியை வை, எடு, நகர்த்தி வை. இதற்குப் ‘படியவைத்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

மூன்று அடுக்கையும் நிலையாகத் தைக்குமுன் தற்காலிகமாகப் பிடித்துவைப்பதற்கு ‘நூலோட்டுதல்’ ஏற்கெனவே இருக்கிறது. ஊக்குக் குத்தினாலும் போதும்.

> எனக்கு நேர்கோடே வராது. நாற்பது தாண்டிவிட்டது. இது எனக்கு ஆகுமா?

அம்மா, உங்களுக்காகத்தான் இந்த மடலே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி. அந்த ஊர்ப் பெண்கள் வயலில் உடுத்தித் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். கோடுகள் சாய்ந்திருக்கும், கட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒக்காது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றின் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. அந்தக் கோணலில் ஒரு கை தெரிகிறது, உங்கள் கையும் அப்படித் தெரியட்டும்.

துணிக்குக் கடைக்கு ஓட வேண்டாம். தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிகள் பீரோவில் அடுக்கிக் கிடக்குமே, அவற்றில் பருத்தியை மட்டும் பிரித்தெடுங்கள். தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பனியன் துணி இழுபடும், முதல் போர்வைக்கு ஆகாது. இரண்டரை இன்ச் சதுரம் ஒன்பது வெட்டி மூட்டுங்கள், ஆறரை இன்ச் கட்டம் வரும். அப்படி நான்கு கட்டம் சேர்த்தால் ஒரு சின்ன மேசை விரிப்பு. பெரிய போர்வை அடுத்த வருடம்.

கடைசியாக ஒரு சொல்லுக்கு உதவி வேண்டும். மூட்டின் மேலேயே, வெளியே தெரியாதபடி ஓட்டும் தையலுக்கு என்ன பெயர்? விடுதுணி மடிந்திருக்கும் பக்கம் சற்று மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும். பள்ளத்தில்தான் ஊசி ஓட வேண்டும். மேட்டுக்கு ‘வரப்பு’, தையலுக்கு ‘வாய்க்கால் தையல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் சனிக்கிழமை பலகையில் அதையே எழுதுவேன்.

அன்புடன்