எஸ்க்யூலைட்: பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் போட்டும் வேகம் வரவில்லை

ஈரமானி:
வணக்கம் நண்பர்களே. பசுமைக்குடிலில் வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார்கள், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று, எஸ்டி கார்டில் எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸ்) ஃபைல், இதுதான் அமைப்பு. சி மொழியில் வேறொருவர் எழுதிய நிரல் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. எல்லா குவெரியையும், அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளையையும், எஸ்பிரிண்ட்எஃப் வைத்து மதிப்புகளை எழுத்தாகவே ஒட்டித்தான் ஓட்டியிருந்தார். சென்சார் பெயரில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்று வந்ததும் புதிய வரிசையை எழுதும் இன்சர்ட் உடைந்தது, அதனால் எல்லாவற்றையும் பிரிப்பேர் (குவெரியை முன்பே தயாரிப்பது), பைண்ட் (மதிப்புகளைத் தனியாகப் பொருத்துவது), ஸ்டெப் (ஓட்டுவது) என்று மாற்றினேன். உடைவது நின்றுவிட்டது, ஆனால் வேகம் அப்படியேதான் இருக்கிறது. நெட்வொர்க் போய் வந்தால் தேங்கிய அளவீடுகள் மொத்தமாக வந்து விழும், அவற்றை எழுதி முடிக்க நிமிடக் கணக்கில் ஆகிறது. ஒரு சென்சாரின் ஒரு நாள் அறிக்கையும் மந்தம். நேரத்தை யூனிக்ஸ் எண்ணாக வைத்திருக்கிறோம், வேர் (WHERE, நிபந்தனை) பகுதியில் அதை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டுத் தேதியோடு ஒப்பிடுகிறது. சென்சார் எண்ணுக்கு, விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் உண்டு. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

கட்டளைவரி:
முதலில் ஒன்று சொல்லுங்கள், பிகின், கமிட் போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால் ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி டிரான்சாக்ஷன், அதாவது ஒன்றாகச் சேர்ந்து முடியும் வேலைத்தொகுதி. ஒவ்வொன்றின் முடிவிலும் தகவல் உண்மையிலேயே கார்டில் இறங்கியதா என்று எஸ்க்யூலைட் காத்திருக்கும். பிரிப்பேர் மிச்சப்படுத்துவது குவெரியைப் படித்துத் திட்டம் போடும் வேலையை மட்டும்தான், இந்தக் காத்திருப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000 இன்சர்ட் கூடப் போகும், ஆனால் டிரான்சாக்ஷன் நொடிக்குச் சில டஜன்தான் என்று எஸ்க்யூலைட் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சுழலும் டிஸ்குக்குப் போட்டது, ஆனாலும் எஸ்டி கார்டிலும் ஒவ்வொரு சிங்க்கும் (தகவலைக் கார்டில் இறக்கிக் காத்திருப்பது) மெதுவானதுதான்.

ஆகவே தேங்கியவற்றை எழுதும் லூப்புக்கு வெளியே பிகின் இமீடியட், முடிந்ததும் கமிட். பிரிப்பேரும் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை, உள்ளே பைண்ட், ஸ்டெப், ரீசெட் (அடுத்த முறைக்குத் தயாராக்குவது) மட்டும். வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) மோடுக்கு மாறி, சிங்க்ரனஸ் என்ற அமைப்பை நார்மல் ஆக்கினால் இன்னும் இலகுவாகும். திடீரென்று கரண்ட் போனால் கடைசிச் சில கமிட்டுகள் காணாமல் போகலாம், ஆனால் ஃபைல் கெடாது. வெப்பநிலைக்கு இது போதும், பணக் கணக்கு எழுதும் இடத்தில் நான் இப்படி வைக்க மாட்டேன்.

பிமரம்:
அறிக்கைக்கு வருகிறேன். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் குவெரி பிளான் என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்கேன் என்று வந்தால் முழு டேபிளையும் படிக்கிறது, சர்ச் என்றால் இண்டெக்ஸ் வழியாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் சர்ச் என்று பார்த்தவுடன் நிம்மதியாகிவிடாதீர்கள், அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதில் சென்சார் எண் மட்டும்தான் இருக்கும். அதாவது அந்தச் சென்சாரின் இத்தனை மாத வரிசைகளையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டேட் கணக்கிட்டு, ஒரு நாளுக்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிகிறது.

நேரத்தை ஃபங்ஷனுக்குள் போடாதீர்கள். அந்த நாளின் தொடக்கத்தையும் அடுத்த நாளின் தொடக்கத்தையும் நிரலிலேயே எண்ணாகக் கணக்கிட்டு இரண்டையும் பைண்ட் செய்யுங்கள், முதலாவதற்குச் சமம் அல்லது மேல், இரண்டாவதற்குக் கீழ். இண்டெக்ஸில் சென்சார் எண் முதலில், நேரம் அடுத்து. சமம் பார்ப்பது முன்னால், வீச்சு பார்ப்பது பின்னால், இந்த வரிசை மாறினால் பாதிப் பயன் போய்விடும். நேரப்படி ஆர்டர் பை போட்டிருந்தால் வரிசைப்படுத்தப் பிளானில் வரும் தற்காலிக பி-ட்ரீயும் காணாமல் போகும். பழைய இண்டெக்ஸை நீக்கிவிடுங்கள், அதன் வேலையைப் புதியதே செய்யும், சும்மா இருந்தால் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் சுமை.

இன்னொன்று, இது வேகத்தைவிட முக்கியம். லோக்கல்டைம் சேர்க்காத டேட் ஃபங்ஷன் தருவது யுடிசி (உலகப் பொது நேரம்) தேதி. நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் என்பதால் நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரையிலான அளவீடுகள் இத்தனை நாளும் முந்தைய நாள் அறிக்கையில் விழுந்திருக்கும். சரிபார்த்துவிடுங்கள்.

ஈரமானி:
மிக்க நன்றி. பிகின் போட்டதும் தேக்கம் உடனே கரைந்துவிடுகிறது, பிளானிலும் இப்போது சென்சாரும் நேரமும் இரண்டும் தெரிகின்றன. அதிகாலை விஷயமும் நீங்கள் சொன்னபடியே. ஆனால் வால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகிறது, சுருங்கவே இல்லை. அப்புறம் ஈரப்பதம் அளக்காத சென்சார்களுக்கும் ஏதோ ஒரு ஈரப்பதம் பதிவாகியிருக்கிறது.

கட்டளைவரி:
இரண்டுக்கும் ரீசெட்டைப் பாருங்கள். திரையில் காட்ட, கடைசி அளவீட்டை எடுக்கும் செலக்ட் ஒன்று இருக்கும் இல்லையா, அதில் ஒரு முறை ஸ்டெப் செய்து, வரிசை கிடைத்ததும் அப்படியே விட்டிருப்பீர்கள். ரீசெட் செய்யும்வரை அந்த வாசிப்பு திறந்தே இருக்கும், அதைத் தாண்டி செக்பாயிண்ட் (வாலில் உள்ளதை முதன்மை ஃபைலுக்கு மாற்றுவது) போக முடியாது, வால் வளரத்தான் செய்யும். மதிப்பைப் படித்தவுடன் ரீசெட் செய்யுங்கள். டெக்ஸ்ட் என்றால் ரீசெட்டுக்கு முன் நகலெடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு அந்த டெக்ஸ்ட்டைக் காட்டும் பாயிண்டர் (நினைவக முகவரி) செல்லாது.

ஈரப்பத விஷயம், ரீசெட் பழைய பைண்டிங்கை அழிக்காது. ஈரப்பதம் இல்லாத சென்சாருக்கு நிரல் பைண்டைத் தாண்டிப் போகிறது, முந்தைய சென்சாரின் எண் அப்படியே உள்ளே போகிறது. எர்ரரும் வராது. அந்த இடத்தில் வெளிப்படையாக நல் (மதிப்பு இல்லை என்பது) பைண்ட் செய்யுங்கள், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் பைண்டிங்ஸ் கூப்பிடுங்கள். ஏற்கெனவே பதிவானவற்றை, ஈரப்பதம் அளக்காத சென்சார் எண்களைத் தேடி, ஒரே அப்டேட்டில் நல் ஆக்கிவிடலாம். அதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடும்போது ஃபைலை மட்டும் காப்பி செய்தால் வாலில் இருப்பது விட்டுப்போகும், அதனால் ஷெல்லில் பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள்.